சிறிய முனையிலிருந்து எண்ணுதல்

அன்ட்சிராபேயில் எண்களைச்
சிறிய முனையிலிருந்து சொல்வார்கள்.
நமக்கு இருபத்தைந்து என்பது
அவர்களுக்கு ஐந்து, அம்பி, இருபது.
அம்பி என்றால் மேல், கூடுதல்.
எங்கள் பக்கத்தில் சின்னப் பையனைக் கூப்பிடும் சொல்
மடகாஸ்கர் மலைமேல்
இரண்டு எண்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.
வந்த முதல் வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.
சில்லறையில் தொடங்கி விலை சொல்லும் ஊர் என்று
கடிதம்கூட எழுதினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை
ஆசிரியர் அறை வானொலியில்
தலைநகரின் சதுக்கத்தில் சுட்டார்கள் என்று வந்தது.
இறந்தவர்கள், என்றது குரல்,
மூன்று.

மூன்றுதானா என்று மூச்சு விட்டவன் நான் ஒருவன்.
வுவாஹங்கி கோப்பையை
வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பிடித்திருந்தாள்.
மற்றவர்கள் வானொலியையே பார்த்தார்கள்.
அம்பி, என்றது குரல்.

அந்தச் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில்
எத்தனை பேர் நிற்க முடியும் என்று
பத்தொன்பது வருடம் கணக்கு நடத்திய எனக்குத்
தெரிந்திருக்கவில்லை.

நாற்பது.

என் முகம் இன்னொரு சிக்கல்.
கடைத்தெருவில் தலைமுறைகளாய்த் துணி விற்கும்
குஜராத்திக் குடும்பங்களை அங்கே கரானா என்பார்கள்.
தலைநகரில் கரானாக் கடைகள் எரிந்த மறுநாள்
விற்க ஒரு முழம் துணிகூட இல்லாத
என் முகத்துக்கும் ஒரு கடை முளைத்தது.

காலையில் கதவைத் திறந்தால்
ஃபனிரியும் மியாலியும் புத்தகப்பையோடு வாசலில்.
யாரும் சொல்லி அனுப்பவில்லை.
ஒருத்தி எனக்கு இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம்.
ரிக்‌ஷாக்கள் நிற்கும் முனையில் எவனோ கத்தினான்.
மியாலி நடையை மாற்றாமல்,
வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:
இவர் எங்களுக்குப் பின்னம் நடத்துகிறவர்.

பின்னமும் முடிந்திருக்கவில்லை.
பகுதி வேறானால் எப்படிக் கூட்டுவது
என்பது பாக்கி இருந்தது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர்.
அரிசி விலை ஏற ஏற
முதலில் கடைசி பெஞ்சு காலியாயிற்று,
பிறகு சன்னல் ஓரம்.
சியூரி ஒன்பது நாள் வரவில்லை.
அவன் அண்ணன்
தலைநகரில் மூட்டை தூக்கப் போனவன்.
பத்தாம் நாள் வந்து, நோட்டைத் திறக்காமல்,
கையை மட்டும் உயர்த்தினான்.

ஐயா,
வானொலி சொன்ன எண்ணில்
என் அண்ணன் மூன்றில் இருக்கிறானா,
நாற்பதில் இருக்கிறானா?

மணியடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.
மணியடிப்பவரும் அன்று வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நிறுவனத்தின் வெள்ளை வண்டி வந்தது.
ஆளுக்கு ஒரு பை, இருபது நிமிடம்.
ஏறவில்லை என்று எழுதினால்
இந்தக் கவிதை இன்னும் நன்றாக இருக்கும்.
ஏறினேன்.
கரும்பலகையில் மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும்
கூட்டற்குறியின் இரு பக்கமும் நின்றன.
வாசலில் இரண்டு பெண்கள் வழக்கம்போல வந்திருந்தார்கள்.
வண்டியில் அவர்களுக்கு இடமில்லை என்பது
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.
அதனால் டிரைவருக்கு
எந்தத் தெருவில் கல் விழுகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது நைரோபியில்
அதே நிறுவனத்துக்குக் கோப்பு அடுக்குகிறேன்.
ஆறு மாதம் கழித்து நேற்று மாலைதான்
வுவாஹங்கியின் குரல் கிடைத்தது.
மழையைச் சொன்னாள், அரிசியைச் சொன்னாள்,
புது அமைச்சர் பள்ளிக்கு வந்து
படம் எடுத்துக்கொண்டதைச் சொன்னாள்.
சியூரியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.
இன்று வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

ஆறு, என்றாள்.
லைன் போயிற்று.

தாழ்வாரத்தின் கடைக்கோடியிலிருந்து
காவலாளி விளக்குகளை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான்.
போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.
அம்பி,
அம்பி என்று நானே சொல்லிப் பார்த்தேன்,
யாரோ ஒரு பையனைக் கூப்பிடுவதுபோல.